ஓசியில எழுதின 41, காசு தர்றேன்னு சொல்லி எழுதின 22

ஏற்காட்டுல இருந்து ஒரு தங்கச்சி எழுதிருக்காங்க. கடிதம் நாலு பக்கம், சுருக்கி போடறேன்.

“சார், எம்.ஏ தமிழ் முடிச்சிட்டு வீட்டுல இருக்கேன். அப்பா எஸ்டேட்ல ரைட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஒன்றரை வருஷமா சென்னையில நடக்குற ஒரு ஆன்லைன் செய்தித் தளத்துக்கு கட்டுரை எழுதறேன். ஆரம்பத்துல காசு கிடையாது, பேர் போடுவோம், நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்னாங்க, சரின்னு 41 கட்டுரை எழுதினேன். நிறுத்திக்கறேன்னு சொன்னப்போ எடிட்டர் வாட்ஸ்ஆப்ல இனிமே கட்டுரைக்கு 300 ரூபா தர்றோம்னு சொன்னாரு. அதுக்கப்புறம் 22 எழுதிட்டேன், ஒரு ரூபா வரல, கேட்டா விளம்பரப் பணம் வரட்டும்ங்கறாரு. போன மாசம் மிளகுக் கொடி பத்தி நான் எழுதினத வரிக்கு வரி வாசிச்சு யூடியூப்ல வீடியோ போட்டிருக்காங்க, என் பேரு எங்கயும் இல்ல. இப்போ ஒரு ஃபார்ம் அனுப்பி கையெழுத்து கேக்கறாங்க, பழைய கட்டுரைக்கும் சேத்து. கையெழுத்து வந்தாதான் பாக்கிய செட்டில் பண்ணுவாங்களாம். பணம் வருமாண்ணா? என் கட்டுரை எல்லாம் இனி அவங்களோடதா? தொகுத்து புத்தகமா போடணும்னு ஆசை. இல்ல எழுதறதையே விட்டுடவா?”

சார்னு ஆரம்பிச்சு கடைசியில அண்ணான்னு மாறிட்டீங்க, அண்ணாவே இருக்கட்டும், வக்கீல் வேலையில கோர்ட்டுல சார் சார்னு கேட்டு காது புளிச்சிருச்சு.

முதல்ல ஒண்ணு. அந்த ஃபார்ம்ல கையெழுத்து போடாதீங்க. எடிட்டர் ஃபோன் பண்ணி தேனா பேசினாலும் போடாதீங்க, லிங்க் அனுப்பிருக்கேன் ஒரு ஓகே தட்டுங்க போதும்னாலும் தட்டாதீங்க. ஏன்னு கீழ சொல்றேன், ஆனா இந்த ஒரு பாராவ படிச்சிட்டு மூடி வெச்சாலும் பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான்.

அப்பா எஸ்டேட் ரைட்டர்னு படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துருச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம பக்கம் ரைட்டர்னா எத்தனை பேரு பாருங்க, எஸ்டேட்ல செக்ரோல், அதாவது ஆளுங்க வருகைக் கணக்கு, எழுதற ரைட்டர், போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர், சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதற ரைட்டர், அத்தனை பேருக்கும் எழுதினா காசு உண்டு, வெறுங்கையோட எழுதற ரைட்டர் நீங்க ஒருத்தர்தான். அட, நீங்க மலை இறங்கி சேலம் வர்ற வழியில ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிக்குதே, 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்ச சினிமா கம்பெனி, கலைஞரும் கண்ணதாசனும் வேலை பாத்த இடம், அங்கயும் எழுத்துங்கறது சம்பளத்துக்கு பாக்கற வேலையாதான் இருந்துச்சு. ஆக எழுத்துக்கு காசு கேக்கறது என்னமோ பட்டணத்துப் பழக்கம், பேராசைன்னு மனசுக்குள்ள ஒரு கூச்சம் இருந்தா அத விட்டுடுங்க. உங்க கடிதத்துல ‘காசு கேக்க ஒரு மாதிரி இருக்கு’ன்னு மூணு எடத்துல வருது, அதனாலதான் சொல்றேன்.

ஆனா அப்பா மேல ஒரு சின்ன வருத்தம். காப்பிப் பழம் பறிக்கிற சீசன்ல சாயங்காலம் எடை போட்டு யாரு எத்தனை கிலோன்னு அன்னன்னைக்கே நோட்டுல ஏத்தின மனுசன், அவரு பொண்ணு 63 கட்டுரை எழுதிட்டு, 63 நாயன்மார் கணக்கா, எந்தெந்த தேதியில எது வந்துச்சுன்னு ஒரு இடத்துலயும் குறிச்சு வெக்கல. கடிதத்துல ‘சுமாரா’ன்னு எழுதிருக்கீங்க. இந்த வாரமே அப்பாவ உக்கார வெச்சு கோடு போட்ட நோட்டு ஒண்ணுல தலைப்பு, அனுப்பின தேதி, வெளியான தேதி, பேர் போட்டாங்களா இல்லையா, இத வரிசையா எழுதச் சொல்லுங்க. அவருக்கும் சந்தோசமா இருக்கும். எனக்கும் கேஸ் கட்டு வேணும்ல.

நானும் இந்தக் குழியில விழுந்து எழுந்தவன்தான். சட்டம் படிக்கறதுக்கு முன்னாடி ஓமலூர்ல ஒரு பேப்பருக்கு பகுதிநேர நிருபர், பேர் வேணாம். அப்போ செய்திய வெள்ளைத்தாள்ல எழுதி கவர்ல போட்டு சேலம் போற பஸ் டிரைவர்கிட்ட குடுத்து விடணும், பஸ் ஸ்டாண்டுல ஆபீஸ் பையன் நின்னு வாங்கிப்பான். ரெண்டு வருசம். கிடைச்சது ஒரு ஐடி கார்டு, வருசத்துக்கு ஒரு காலண்டர். சம்பளம் கேட்டா விளம்பரம் புடிச்சுக் குடு, கமிஷன் எடுத்துக்கோன்னாங்க. சரின்னு ஒரு ஜவுளிக்கடைக்காரர்கிட்ட தீபாவளி விளம்பரம் வாங்கினேன், ரெண்டு மாசம் கழிச்சு அதே கடையில வேலை பாக்கற பொண்ணுங்க சம்பளம் தரலைன்னு வந்து நின்னாங்க. செய்தி எழுத கை வரல. உண்மைய சொல்றேன், எழுதல. எழுதறவனுக்கு காசு குடுக்கலைன்னா அவன் பட்டினி கிடப்பான்ங்கறது ஒரு பக்கம், அவன் வாயி வேற எங்கயாவது அடமானம் போயிடும்ங்கறது இன்னொரு பக்கம், எனக்கு இது ரெண்டாவதுதான் உறுத்துது. உங்களுக்கு அது நடக்கல, நல்லது. மிளகு பத்தியும் மழை பத்தியும்தான எழுதறீங்க. ஆனா ஸ்பான்சர் கட்டுரை ஒண்ணு, ரிசார்ட் பத்தி, எழுதச் சொல்லி கேட்டாங்கன்னு கடிதத்துல ஓரமா ஒரு வரி இருக்கு பாருங்க, அங்கதான் ஆரம்பிக்கும்.

சரி, பணத்துக்கு வர்றேன். கணக்க ரெண்டா பிரிச்சுக்குங்க, ஏன்னா சட்டமும் அப்படித்தான் பாக்கும்.

முதல் 41க்கு ஒண்ணும் வராது. ஆசை காட்டி மோசம் பண்ண எனக்கு விருப்பமில்ல. 1872ம் வருசத்து ஒப்பந்தச் சட்டத்துல 70வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, ஒருத்தர் இன்னொருத்தருக்காக ஒரு வேலை செஞ்சு, அத இனாமா செய்யற எண்ணம் இல்லாம செஞ்சிருந்து, அந்த இன்னொருத்தர் அதோட பலனை அனுபவிச்சிருந்தா ஈடு குடுக்கணும்னு சொல்லும், கேட்டா நமக்குன்னே எழுதின மாதிரி இருக்கும். ஆனா ‘இனாமா செய்யற எண்ணம் இல்லாம’ங்கற எடத்துல நம்ம கால் வழுக்குது. காசு கிடையாதுன்னு அவங்க சொன்னாங்க, சரின்னு நீங்க சொன்னீங்க. அப்படி குடுத்தத அப்புறமா கடன்னு சொல்ல முடியாது.

இதுக்கு அமெரிக்காவுல ஒரு பெரிய கேஸே நடந்திருக்கு. ஹஃபிங்டன் போஸ்ட்னு ஒரு ஆன்லைன் செய்தித் தளம், 2005ல ஆரம்பிச்சது, ஆயிரக்கணக்கான பேரு அதுல ஓசியில எழுதினாங்க, பேர் வரும் நாலு பேர் படிப்பாங்கன்னு. 2011ல ஏஓஎல் கம்பெனி அத 31.5 கோடி டாலருக்கு வாங்கிருச்சு. எழுதினவங்களுக்கு வயிறு எரியாதா? ஜொனாதன் டசினின்னு ஒரு எழுத்தாளர், அவரும் அங்க ஓசியில எழுதினவர், சுமார் 9,000 பேர் சார்பா 10.5 கோடி டாலர் பங்கு கேட்டு நியூயார்க்ல கேஸ் போட்டாரு. 2012 மார்ச்ல தள்ளுபடி. காசு இல்லன்னு தெரிஞ்சுதான் எழுதினீங்க, சொன்னபடி பிரசுரமும் கிடைச்சிருச்சு, வியாபாரம் முடிஞ்சப்புறம் பேரத்த மாத்தக் கூடாதுன்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு. அதே வருசம் டிசம்பர்ல அப்பீலும் போச்சு. அமெரிக்க தீர்ப்பு நம்ம கோர்ட்ட கட்டாது, ஆனா லாஜிக் நம்ம 70வது பிரிவுக்கு பங்காளிதான். உங்க 41ம் அதே கதை.

அந்த 22 வேற. அது கடன். 300 ரூபா தர்றோம்னு அவரு சொன்னாரு, அத நம்பி நீங்க எழுதினீங்க, அவங்க வெளியிட்டாங்க, ஒப்பந்தம் ஆயிடுச்சு. முத்திரைத்தாள் வேணும்னு அவசியமில்ல, வாய்ப்பேச்சே ஒப்பந்தம்தான், வாட்ஸ்ஆப்ல எழுத்தாவே இருக்கு. மொத்தம் 6,600 ரூபா. ‘விளம்பரம் வந்ததும்’ங்கற பேச்செல்லாம் அன்னைக்கு அந்த மெசேஜ்ல இருந்துச்சான்னு பாருங்க, இல்லன்னா அது அவங்க பாடு, உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. கொலுசுப் பட்டறையில நகைக்கடை வித்தா கூலி, விக்கலைன்னா இல்லன்னு யாராவது சொல்ல முடியுமா, கொலுசு செய்யற நம்ம சேலம் செவ்வாய்ப்பேட்டையில போய் சொல்லிப் பாக்கச் சொல்லுங்க அந்த எடிட்டர.

கேக்கறதுக்கு மூணு வருசம் டைம் இருக்கு, லிமிடேஷன் சட்டப்படி, ஒவ்வொரு கட்டுரைக்கும் அது அதுக்கு தனியா ஓடும். அதுக்காக மூணு வருசம் தூங்கிடாதீங்க. அந்த வாட்ஸ்ஆப் சாட்ட எக்ஸ்போர்ட் பண்ணி உங்க மெயிலுக்கே அனுப்பிடுங்க, ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்க, முக்கியமா அந்த ஃபோன மாத்தாதீங்க, எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடாதீங்க. 2024 ஜூலையில இருந்து புது சாட்சியச் சட்டம், பாரதிய சாக்ஷ்ய அதினியம், அதுல 63வது பிரிவுப்படி ஃபோன்ல இருக்கறத கோர்ட்டுல காட்டணும்னா ஒரு சான்றிதழ் சேத்து குடுக்கணும், ஒரிஜினல் ஃபோன் கையில இருந்தா அந்த வேலை சுலபம். எடிட்டர் மெசேஜ டிலீட் பண்ணிட்டா என்ன பண்றதுன்னு கேப்பீங்க, அதுக்குத்தான் இன்னைக்கே எடுக்கச் சொல்றேன்.

அப்புறம் ஒரு மெயில். வாட்ஸ்ஆப்ல இல்ல, மெயில்ல. அழுகை வேணாம், கோவம் வேணாம், ‘உங்க சூழ்நிலை புரியுது சார்’ங்கற பேச்சே வேணாம், இந்த அளவு போதும்:

“வணக்கம். கட்டுரைக்கு 300 ரூபாய் தருவதாக நீங்கள் சொன்ன தேதிக்குப் பிறகு என்னுடைய 22 கட்டுரைகள் வெளியாகியுள்ளன. பட்டியல் இணைத்துள்ளேன். மொத்தம் 6,600 ரூபாய். 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தவும். நீங்கள் அனுப்பிய படிவம் குறித்துத் தனியாகப் பேசலாம், இந்தப் பாக்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை.”

கடைசி வரிய மட்டும் மறக்காம போடுங்க. பழைய பாக்கிய புதுக் கையெழுத்தோட முடிச்சு போடறதுதான் அவங்க விளையாட்டு, முடிச்ச நீங்க அவுத்துடுங்க.

பதில் இல்லன்னா வக்கீல் நோட்டீஸ், அதுக்கு என்கிட்ட வரணும்னு கூட இல்ல. அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, 1987ம் வருசத்து சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, அங்க போயி கேஸ் போடறதுக்கு முன்னாடியே ஒரு மனு குடுத்தா எதிர்தரப்ப கூப்பிட்டு பேசுவாங்க, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல, முடிஞ்சா அது கோர்ட் தீர்ப்புக்கு சமம், அப்பீல் கிடையாது. சட்ட உதவிக்குன்னே 15100ன்னு ஒரு நம்பர் இருக்கு, மழையில மலை ரோடு சரிஞ்சு கிடந்தா கூட ஃபோன்ல கேட்டுக்கலாம். 6,600 ரூபாய்க்கு இவ்வளவான்னு தோணும். பெரும்பாலும் அந்த மெயிலுக்கே பணம் வந்துரும், ஏன்னா இதவிட பெரிய விசயம் ஒண்ணு உங்ககிட்ட மாட்டிக்கிட்டிருக்கு, அது அவங்களுக்கு தெரியும், உங்களுக்குத்தான் தெரியல.

அது அந்த 63ம் யாரோடதுங்கற கேள்வி.

உங்களோடது. ஓசியில குடுத்த 41 உட்பட அத்தனையும். காப்புரிமைச் சட்டம் 1957, அதாவது காப்பிரைட் சட்டம், அதுல 17வது பிரிவு, எழுதினவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பாக்கற நிருபர்னா கதை வேற, பத்திரிகையில போடற உரிமை கம்பெனிக்கு போகும், நீங்க அவங்க வேலையாளே இல்ல, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்ல, பிஎஃப் இல்ல, லீவு கூட கேக்கத் தேவையில்ல. உரிமைய இன்னொருத்தருக்கு மாத்திக் குடுக்கணும்னா 19வது பிரிவுப்படி எழுத்துல இருக்கணும், குடுக்கறவர் கையெழுத்து இருக்கணும், எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை வருசம், எந்தெந்த நாடு, எவ்வளவு காசு, எல்லாம் சொல்லிருக்கணும். நீங்க கட்டுரைய மெயில்ல அனுப்பி ‘பிரசுரிக்கவும்’னு சொன்னது அந்தத் தளத்துல போட்டுக்க ஒரு சம்மதம், அவ்வளவுதான். வீட்டு மொட்டை மாடியில வத்தல் காய வெச்சுக்கோங்கன்னு பக்கத்து வீட்டு அக்காவுக்கு சொன்னா மொட்டை மாடியே அவங்களுக்கு பத்திரம் ஆயிடுமா?

பாதி பேருக்கு இது தெரியறதில்ல, ஓசியில குடுத்துட்டோம், போச்சுன்னு நெனச்சுக்கறாங்க. காசு வாங்காததும் உரிமைய எழுதிக் குடுக்கறதும் வேற வேற. மேல சொன்னேனே ஜொனாதன் டசினி, 2012ல தோத்தவர், அதே ஆளு 2001ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுல ஜெயிச்சவர். அது நியூயார்க் டைம்ஸ் கேஸ். அவரோட சேந்து ஆறு ஃப்ரீலான்ஸ் எழுத்தாளருங்க, 1990ல இருந்து 93 வரைக்கும் பேப்பருக்கு எழுதின 21 கட்டுரைய கம்பெனிங்க எழுதினவங்கள கேக்காமலே கம்ப்யூட்டர் டேட்டாபேஸ்ல ஏத்தி வித்துட்டாங்க, பேப்பர்ல போடத்தான் குடுத்தோம், டேட்டாபேஸ்ல போட எப்போ குடுத்தோம்னு கேட்டாங்க, ஏழு ஜட்ஜ் எழுத்தாளர் பக்கம், ரெண்டு ஜட்ஜ் எதிர் பக்கம். ஒரே மனுசன், உரிமைன்னு போனப்போ ஜெயிச்சாரு, கூலின்னு போனப்போ தோத்தாரு. உங்க கேஸுக்கு இதவிட நல்ல பாடம் எனக்கு தெரிஞ்சு இல்ல.

அந்த மாதிரி அடி வாங்கினதுல இருந்துதான் கம்பெனிங்க உசாராகி எல்லா உரிமையும் எங்களுக்கேன்னு முன்கூட்டியே கையெழுத்து வாங்க ஆரம்பிச்சாங்க. உங்களுக்கு வந்திருக்கற ஃபார்மும் அந்த வம்சம்தான். நீங்க அனுப்பின ஃபோட்டோவ பெருசு பண்ணி படிச்சேன், ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக, இப்போதுள்ள மற்றும் இனி வரும் எல்லா ஊடகங்களிலும், எந்தத் தொகையும் இன்றி, முன்பு அளித்தவை உட்பட’. ஒவ்வொரு வார்த்தையும் சும்மா வரல. எத்தனை வருசம்னு சொல்லாம விட்டா நம்ம சட்டத்துல அஞ்சு வருசம்னு எடுத்துப்பாங்க, அதனால ‘நிரந்தரமாக’. எந்த நாடுன்னு சொல்லலைன்னா இந்தியா மட்டும்னு எடுத்துப்பாங்க, அதனால ‘உலகம் முழுவதும்’. ‘முன்பு அளித்தவை உட்பட’ங்கறது எதுக்கு? மிளகு வீடியோவுக்கு. கட்டுரைய படமா, ஒலியா மாத்தற உரிமை 14வது பிரிவுல எழுதினவருக்கு தனியா இருக்கு, நீங்க அத குடுக்கவே இல்ல, அவங்க எடுத்துட்டாங்க, இப்போ முன்தேதி போட்டு சரி பண்ணப் பாக்கறாங்க. உரிமை ஏற்கனவே அவங்க கையில இருந்தா எதுக்கு உங்க கையெழுத்துக்கு இப்படி அலையணும், யோசிச்சுப் பாருங்க தங்கச்சி. அந்தக் கையெழுத்தோட விலை 6,600க்கு மேல.

அதுக்காக எந்தக் காகிதத்துலயும் கையெழுத்தே போடக் கூடாதுன்னு இல்ல. நீங்களே திருப்பி ஒண்ணு அனுப்புங்க, இந்தந்த கட்டுரைய உங்க தளத்துல மட்டும், பிரத்யேக உரிமை இல்லாம, இத்தனை ரூபாய்க்கு, ரெண்டு வருசத்துக்கு போட்டுக்கலாம், வீடியோவோ ஆடியோவோ பண்ணணும்னா தனியா பேசணும், எங்க போட்டாலும் என் பேரு இருக்கணும். பேர் விசயத்துல 57வது பிரிவு உங்க பக்கம், உரிமைய வித்தப்புறமும் இது நான் எழுதினதுன்னு சொல்லிக்கற உரிமை எழுதினவர விட்டுப் போகாது. ‘எந்தத் தொகையும் இன்றி’ங்கற வரிய மட்டும் எந்த சூழ்நிலையிலயும் ஒத்துக்காதீங்க.

வீடியோவுக்கு ரெண்டு வழி. யூடியூப்லயே காப்புரிமை புகார் ஃபார்ம் இருக்கு, காசு கிடையாது, உங்க கட்டுரை வெளியான லிங்க்கும் அனுப்பின மெயில் தேதியும் கையில இருந்தா அரை மணி நேர வேலை, 90 நாளுக்குள்ள மூணு ஸ்ட்ரைக், அதாவது யூடியூப் எச்சரிக்கை, வாங்கினா சேனலே போயிடலாம்ங்கறதால அந்தப் பக்கம் பயப்படுவாங்க. ஆனா நான் உங்க இடத்துல இருந்தா முதல்லயே அத செய்ய மாட்டேன். பாக்கி கேட்டு மெயில் போட்ட அஞ்சாவது நாள், வீடியோவுல என் பேரு போடுங்க, அதுக்குன்னு ஒரு தொகை குடுங்கன்னு ரெண்டாவது மெயில். பதில் வரலைன்னா புகார். ஒண்ணு கவனிச்சுக்குங்க, உங்க கட்டுரையில இருந்த தகவல மட்டும் எடுத்து அவங்க பாஷையில பேசிருந்தா கேஸ் இல்ல, தகவலுக்கு யாரும் சொந்தக்காரர் கிடையாது. நீங்க சொன்ன மாதிரி வரிக்கு வரின்னா இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதிப் பாத்துட்டு சொல்லுங்க. கேஸ்னு போனாலும் சென்னைக்கு பஸ் ஏற வேணாம், காப்புரிமை வழக்க வாதி குடியிருக்கற ஊர் மாவட்ட கோர்ட்டுலயே போடலாம்னு 62வது பிரிவு சொல்லுது, உங்களுக்கு நம்ம சேலம்தான்.

புத்தகம் தாராளமா போடுங்க. யார்கிட்டயும் அனுமதி கேக்க வேணாம். மரியாதைக்கு முன்னுரையில தளத்தோட பேர ஒரு வரி சொல்லிக்கலாம். அவங்க டெஸ்க்ல திருத்தின வடிவத்த எடுக்காம உங்க லேப்டாப்ல இருக்கற ஒரிஜினல எடுங்க, அவங்க போட்ட ஃபோட்டோவ தொடாதீங்க, உங்க ஃபோன்ல எடுத்ததுன்னா உங்களோடது. காப்புரிமை பதிவு பண்ணணுமான்னு கேட்டீங்க, கட்டாயமில்ல, எழுதின நிமிசமே உரிமை வந்துருது, பதிவுங்கறது சாட்சிக்குத்தான். 500 ரூபா ஃபீஸ், புத்தகம் வந்தப்புறம் பண்ணிக்கலாம்.

இனிமே காசுக்கு எழுதறதா இருந்தா உத்யம்னு அரசாங்கத்தோட சிறுதொழில் பதிவு ஒண்ணு இருக்கு, அத பண்ணி வெச்சுக்குங்க, ஆதாரும் பான் கார்டும் போதும், பைசா செலவில்ல, காசு கேக்கற வெப்சைட் வந்தா அது போலி. சேவை குடுக்கற சிறு தொழில்னு பதிவானா 2006ம் வருசத்து எம்எஸ்எம்இ சட்டப்படி 45 நாளுக்கு மேல பாக்கி வெக்கக் கூடாது, வெச்சா ரிசர்வ் பேங்க் வட்டி விகிதத்துல மூணு மடங்கு, அதுவும் மாசா மாசம் கூட்டுவட்டி, அரசாங்க போர்ட்டல்லயே புகார் குடுக்கலாம். பதிவுக்கு முன்னாடி செஞ்ச வேலைக்கு இத நம்பாதீங்க, அதனால அந்த 22க்கு ஆகாது. அப்புறம் சிலர் ஜிஎஸ்டி நம்பர் இல்லன்னா பணம் போட முடியாதும்மாம்பாங்க, வருசத்துக்கு 20 லட்சத்துக்குள்ள சேவை வருமானம்னா ஜிஎஸ்டி பதிவே வேணாம்னு சொல்லுங்க, 300 ரூபா கட்டுரையில 20 லட்சம் வந்தா எனக்கும் சொல்லி விடுங்க, கறுப்பு கோட்ட கழட்டிட்டு நானும் மலைக்கு வந்துடறேன்.

விட்டுடவான்னு கேட்டதுக்கு. அந்தத் தளத்த விடுங்க, பாக்கி வர்ற வரைக்கும் 64வது கட்டுரை அனுப்பாதீங்க. எழுத்த ஏன் விடணும். ஓசியில எழுதறதே பாவம்னு நான் சொல்ல மாட்டேன், தமிழ்ல பாதி நல்ல விசயம் காசில்லாம வந்ததுதான். 1959ல சி.சு.செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகை ஆரம்பிச்சு கைக்காசு போட்டு நடத்தினாரு, புத்தகத்த தானே சுமந்துக்கிட்டு ஊர் ஊரா போயி வித்தாரு, அவருக்கு ஓசியில எழுதிக் குடுத்தா அதுல அர்த்தம் இருக்கு, எடிட்டரும் நட்டம், எழுதறவரும் நட்டம், ஒரே பந்தியில ரெண்டு பேரும் பட்டினி. உங்க தளத்துல எடிட்டருக்கு சம்பளம் உண்டு, வீடியோ எடிட் பண்ற பையனுக்கு உண்டு, சர்வர் வாடகை மாசம் தவறாம போகுது, அதுக்கு விளம்பரப் பணம் வரட்டும்னு யாரும் சொல்றதில்ல. எழுதறவருக்கு மட்டும்தான் ‘வரட்டும்’. அடுத்த தடவை யாராவது ஓசியில கேட்டா அந்தக் கேள்விய நேராவே கேளுங்க, உங்க ஆபீஸ்ல வேற யாரு காசில்லாம வேலை பாக்கறாங்கன்னு. கடுப்பானா ஆகட்டும். நண்பர் நடத்தற சின்ன பத்திரிகை, ஊர் நூலகத்து மலர், கல்லூரி ஆண்டு மலர், இதுக்கெல்லாம் மனசு வந்தா எழுதுங்க, அங்கயும் ‘உரிமை எழுதியவருக்கே’ன்னு ஒரு வரி மெயில்ல சேத்துடுங்க.

எக்ஸ்போஷர் பத்தி ஒண்ணும் சொல்லலையேன்னு பாப்பீங்க. 63 கட்டுரைக்கு அப்புறம் அத படிச்சிட்டு காசு குடுத்து எழுதச் சொன்னவங்க எத்தனை பேருன்னு நோட்டுல கடைசியா ஒரு கட்டம் போட்டு அப்பாவ எழுதச் சொல்லுங்க.

நோட்டு ரெடியானதும் அதோட ஒரு ஃபோட்டோ, அந்த 300 ரூபா மெசேஜோட ஸ்கிரீன்ஷாட், ஃபார்ம் மொத்தப் பக்கமும் (நீங்க ரெண்டு பக்கம்தான் அனுப்பிருக்கீங்க, மூணாவது பக்கத்துல தகராறு வந்தா எந்த ஊர்ல பேசறதுன்னு ஒரு வரி இருக்கும், அது எனக்கு வேணும்) இத எல்லாம் அனுப்பி வைங்க. நேர்ல வர்றதா இருந்தா சாயங்காலம் அஞ்சரைக்கு மேல வாங்க, அதுக்கு முன்னாடி கோர்ட்ல இருப்பேன். ஃபோன ஃபுல் சார்ஜ் போட்டு எடுத்துட்டு வாங்க, போன வாரம் ஒருத்தர் சாட்சி எல்லாம் இதுல இருக்கு சார்னு செத்துப்போன ஃபோன நீட்டினாரு.